ரூஸின் நிலம், ஹாரிஸின் வீடு: பரமட்டாவின் பழைய வீடு ஒன்றின் வரலாறு

சிட்னிக்கு மேற்கே உள்ள ஹாரிஸ் பார்க் நம்மவர்களுக்குப் பழகிய பகுதி. மாலை நேரத்தில் விகிராம் தெருவில் தோசைக்கும் பிரியாணிக்கும் காத்து நிற்கும் கூட்டத்தில் தமிழும் காதில் விழும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் ரூஸ் தெரு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட அந்தத் தெருவின் 9-ஆம் எண்ணில் ஒற்றைத்தள வீடு ஒன்று நிற்கிறது. தாழ இறங்கும் கூரை, அகன்ற தாழ்வாரம், அதைத் தாங்கும் ஒல்லியான மரத்தூண்கள். பெயர் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ், அதாவது பரிசோதனைப் பண்ணை வீடு.

அந்தப் பரிசோதனையைச் செய்தவர் ஜேம்ஸ் ரூஸ். பிள்ளைகளைத் தேர்வுப் பள்ளிக்குத் தயார்செய்யும் சிட்னித் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கார்லிங்ஃபோர்டில் 1959-இல் தொடங்கிய ஜேம்ஸ் ரூஸ் வேளாண் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது அத்தனை பெரிய விஷயம். பள்ளியைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு. பட்டினி கிடந்த ஒரு குடியேற்றத்தில் தன் கையால் மண்ணைக் கொத்தி, ஒரு குடும்பம் தன் நிலத்திலேயே பிழைக்க முடியும் என்று காட்டிய கைதி அவர்.

ஆனால் இந்த வீட்டில் ரூஸ் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. நிலத்தை அவர் 1793-இலேயே விற்றுவிட்டுப் போய்விட்டார். இன்று நிற்கும் வீடு எழுந்தது 1835-ஐ ஒட்டி, வாங்கியவர் கையால். பெயர் ஒருவருடையது, சுவர் இன்னொருவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த இடம் ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

ஆற்றின் தலைமாட்டில்

1788 ஜனவரியில் பதினொரு கப்பல்களில் வந்திறங்கிய பிரிட்டிஷார் முதலில் பயிர் வைத்துப் பார்த்தது சிட்னி துறைமுகத்தின் ஓரத்தில். அடியில் மணற்கல் பாறை, மேலே சத்தில்லாத மண். விதைத்த கோதுமையில் பெரும்பகுதி முளைக்கவில்லை. கொண்டுவந்த மாடுகளும் காட்டுக்குள் தொலைந்துபோயின. ஆளுநர் ஆர்தர் பிலிப் படகில் ஆற்றின் வழியே மேற்கே போய் நல்ல மண்ணைத் தேடினார். கடலேற்றம் வந்து முடிந்து நன்னீர் தொடங்கும் இடத்தில், களிமண் பாங்கான வளமான நிலம் கிடைத்தது. 1788 நவம்பரில் அங்கே ரோஸ் ஹில் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். 1791 ஜூனில் அதற்கு அந்த மண்ணின் பெயரே வைக்கப்பட்டது: பரமட்டா.

அந்த இடம் யாருமற்றுக் கிடந்ததல்ல. தாருக் மொழி பேசிய பரமட்டகல் மக்களின் ஊர் அது. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில் விலாங்கு மீன் ஏராளம். இன்றைய பரமட்டா ரக்பி அணிக்கு 'ஈல்ஸ்' என்று பெயர் வந்ததும் அந்த விலாங்கை வைத்துத்தான். 1789-இல் சிட்னிப் பகுதியில் பெரியம்மை பரவியபோது, சுற்றி வாழ்ந்த பூர்வகுடிகளில் பாதிப் பேர் மாண்டார்கள் என்பது அன்றைய கணிப்பு. பண்ணைகள் எழுந்தது அந்தச் சாவுகளுக்குப் பின்னால். அப்படியும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மௌகோரன் என்ற பரமட்டகல் முதியவர், ரோஸ் ஹில்லில் வெள்ளையர்கள் வந்து குவிவதைத் தம் மக்கள் விரும்பவில்லை என்று 1790-இல் பிலிப்பிடமே சொன்னார். பிலிப் கேட்டுக்கொண்டார். ஆனால் அனுப்பும் ஆட்களைக் குறைக்கவில்லை, அங்கிருந்த காவலைத்தான் கூட்டினார்.

குடியேறியவர்களுக்கோ வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருந்தது. உணவுப் பொருளோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'கார்டியன்' 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. கையிலிருந்த பெரிய கப்பலான 'சிரியஸ்' 1790 மார்ச்சில் நார்ஃபோக் தீவில் உடைந்தது. அடுத்த மாதமே வாரப்படி ஆளுக்கு இரண்டரை பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு பன்றி இறைச்சி, இரண்டு பவுண்டு அரிசி என்று இறங்கியது. அந்த அரிசியும் வண்டு விழுந்தது.

இந்த நெருக்கடியில் பிலிப்புக்கு ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது. தொடங்கி வைக்கக் கொஞ்சம் உதவி கொடுத்தால், ஒரு குடியேறி அரசுக் களஞ்சியத்தை நம்பாமல் தன் நிலத்திலேயே பிழைக்க எத்தனை காலம் பிடிக்கும்? பண்ணையின் பெயரில் இருக்கும் பரிசோதனை இதுதான். புது விதையோ புதுக் கருவியோ சோதிக்கப்படவில்லை. ஒரு மனிதனின் உழைப்பும் பொறுமையும்தான் சோதனைக்கு வைக்கப்பட்டன.

ஒன்றரை ஏக்கர்

ரூஸ் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் லான்செஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் உழவு பார்த்து வளர்ந்தவர். 1782-இல் வீடு புகுந்து திருடிய வழக்கில் பாட்மின் நீதிமன்றம் ஏழாண்டு நாடுகடத்தல் விதித்தது. பிளிமத்தில் மிதக்கும் சிறையாக நிறுத்தியிருந்த கப்பலில் ஐந்தாண்டுக்கு அருகே கழித்துவிட்டு, அந்தப் பதினொரு கப்பல் கொண்ட முதல் கூட்டத்தோடு, 'ஸ்கார்பரோ' கப்பலில் வந்து சேர்ந்தார். 1789 ஜூலையில், என் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, நிலம் கொடுங்கள் என்று கேட்டார். கைதிகளின் தண்டனை விவரப் பத்திரங்கள் அப்போது ஆளுநர் கையில் இல்லை, அதனால் சரிபார்க்க வழியில்லை. பிலிப் உடனே பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. அந்த நவம்பரில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஏற்கெனவே மரம் வெட்டித் திருத்திய ஒன்றரை ஏக்கர் நிலமும், ஒரு குடிசையும், விதையும், கருவிகளும், சில கால்நடைகளும் கொடுத்தார். பிழைத்துக் காட்டினால் 30 ஏக்கர் உனக்கு என்பது பேச்சு.

ஓராண்டு கழித்து, 1790 நவம்பரில், மரைன் படை அதிகாரி வாட்கின் டென்ச் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தார். ஒன்றரை ஏக்கர் கோதுமை, அரை ஏக்கர் மக்காச்சோளம், ஒரு சின்னக் காய்கறித் தோட்டம். எப்படிச் செய்தாய் என்று டென்ச் கேட்டதற்கு ரூஸ் சொன்ன பதிலை அவர் எழுதிவைத்திருக்கிறார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான்.

விழுந்த மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணோடு சேர்த்துக் கொத்தினார். ஒரு நாளில் கொஞ்ச நிலத்துக்கு மேல் கொத்தவில்லை. அரசுப் பண்ணையில் மேலோடு கீறிவிட்டுப் போவார்கள், இவர் ஆழமாகக் கொத்தினார். கட்டிகளை உடைத்தார். புல்லையும் களையையும் உள்ளே புரட்டிப் புதைத்தார். பிறகு மண்ணைக் காற்றும் வெயிலும் படும்படி ஆறப்போட்டார். விதைப்பதற்கு முன் இன்னொரு தடவை முழுக்கக் கிளறினார். அறுவடை முடிந்ததும் மறுபடியும் கொத்திப் பரம்படித்து, மண் இளக டர்னிப் விதைக்கத் திட்டம் வைத்திருந்தார். வைக்கோலைக் குழியில் இட்டு, மக்கக்கூடிய எல்லாவற்றையும் அதோடு போட்டு எருவாக்கவும் எண்ணியிருந்தார்.

புழுதியைக் காயவிடுவதன் அருமை நம் ஊர் உழவர்களுக்கும் தெரிந்ததுதான். ரூஸிடம் ஏர் இல்லை, உழவு மாடும் இல்லை. இப்படிக் கொத்துவது ஏர் உழுததற்கு ஏறக்குறைய ஈடு என்று அவரே டென்ச்சிடம் சொல்லியிருக்கிறார். பட்டினி ஆண்டில், கைக்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் மண்ணை ஆறப்போடுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! மண்ணைப் படித்தவரால்தான் அது முடியும். கைதிகளில் உழவு தெரிந்தவர்கள் மிகச் சிலர். முதல் வெற்றி ரூஸிடமிருந்து வந்ததற்கு அதிர்ஷ்டத்தைவிட அந்தப் பழக்கமே காரணம் என்பது என் எண்ணம்.

1790 செப்டம்பரில் எலிசபெத் பெர்ரியை மணந்தார். அவரும் ஒரு கைதி, அந்த ஜூனில் 'லேடி ஜூலியானா' கப்பலில் வந்தவர். குடியேற்றத்தில் விடுதலை பெற்ற முதல் பெண் கைதி அவர்தான். எல்லாப் பேச்சும் ரூஸின் பெயரிலேயே நடக்கிறது. ஆனால் பரிசோதனையின் கடைசி மாதங்களில் அந்த நிலத்தில் பாடுபட்டது இரண்டு பேர்.

1791 பிப்ரவரியில், இனி அரசுப் படி எனக்கு வேண்டாம் என்று ரூஸ் அறிவித்தார். ஏப்ரலில் 30 ஏக்கருக்கும் பத்திரம் எழுதப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் முதல் நில மானியம் அது. 30 ஏக்கர் என்பது பிலிப்பின் விருப்பப்படி வந்த கணக்கில்லை. விடுதலையான கைதிக்கு 30 ஏக்கர், மணமானவருக்குக் கூடுதலாக 20, பிள்ளை ஒன்றுக்கு 10 என்று லண்டனிலிருந்து கொடுத்தனுப்பிய உத்தரவிலேயே இருந்தது. குற்றவாளிகளைச் சிறு விவசாயிகளாக்குவதே அந்தத் திட்டத்தின் நோக்கம், ரூஸ் அதன் முதல் சாட்சி.

நாற்பது பவுண்டு

அந்தத் திட்டம் நெடுநாள் தாங்கவில்லை. 1792 டிசம்பரில் பிலிப் இங்கிலாந்து திரும்ப, பொறுப்பு மேஜர் பிரான்சிஸ் குரோஸ் கைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸ் படையின் அதிகாரிகளுக்கு அவர் நிலத்தைக் கொடுத்தார், அதில் பாடுபடக் கைதிகளையும் கொடுத்தார். அந்தக் கைதிகளுக்குச் சாப்பாடு அரசுக் களஞ்சியத்திலிருந்து போனது. அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்து, வரும் கப்பல் சரக்கையும் ரம்மையும் மொத்தமாக வாங்கி, கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள். கூலியில்லா ஆட்களும் கைநிறையப் பணமும் உள்ளவர்களோடு, தன் இரண்டு கையை நம்பியவர் எப்படிப் போட்டி போடுவார்? பல சிறு விவசாயிகளின் நிலம் அதிகாரிகள் கைக்குப் போனது.

1793 பிப்ரவரியில் ரூஸின் நிலத்துக்கு அருகே ஜான் மக்ஆர்தர் என்ற அதிகாரிக்கு 100 ஏக்கர் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் கட்டிய செங்கல் வீடுதான் எலிசபெத் ஃபார்ம். அது இன்றும் நிற்கிறது, ஆஸ்திரேலியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் ஒன்று. அந்த அக்டோபரில் ரூஸ் தன் 30 ஏக்கரை 40 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் படையின் மருத்துவர் ஜான் ஹாரிஸ். முதல் மானியம் முப்பது மாதம்தான் ரூஸின் கையில் தங்கியது.

1794-இல் ரூஸ் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போய்ப் புது நிலம் பெற்றார். அது வண்டல் நிலம், அள்ளிக் கொடுக்கும், வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டும் போகும். கடைசிவரை அவரிடம் பெரிய சொத்து சேரவில்லை. 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் லோயர் மின்டோவில் இன்னொருவர் பண்ணையின் மேற்பார்வையாளர். 1837-இல் காலமானார். கேம்பல்டவுனில் அவர் கல்லறைக்கு வைத்த கல்லில், எழுத்துப்பிழைகளோடு, இந்தக் குடியேற்றத்தில் முதல் தானியத்தை விதைத்தவன் நான் என்ற பொருளில் வரிகள் உள்ளன. கடைசிவரை அவர் தன்னுடையது என்று உரிமை கொண்டாடியது அந்த விதைப்பை மட்டும்தான்.

வாங்கிய ஹாரிஸ் அயர்லாந்துக்காரர், லண்டன்டெரி மாவட்டத்தின் மணிமோர் ஊரில் பிறந்தவர். கடற்படை மருத்துவராக அவர் பணியாற்றிய காலத்தில் பெரும்பகுதி இந்தியாவில் கழிந்தது. எலிசபெத் பெர்ரி வந்த அதே 1790 ஜூன் மாதத்தில்தான் ஹாரிஸும் மக்ஆர்தரும் வந்து இறங்கினார்கள். இரண்டாம் கூட்டக் கப்பல்களில் புறப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வழியிலேயே இறந்த பயணம் அது. ஹாரிஸ் பிறகு காவல் பொறுப்பும் வகித்தார், ஏராளமான நிலம் சேர்த்தார். ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் மான் வந்ததும் அவர் மூலமாகத்தான் என்பார்கள், அதுவும் நம் புள்ளிமான். ஹாரிஸ் பார்க் என்ற பெயரும் இவரால் வந்ததுதான்.

இந்தியத் தாழ்வாரம்

இந்தியாவில் இருந்தவரின் வீடு என்பதை முகப்பைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் வங்காளத்துக் குடிசையைப் பார்த்து வளர்த்தெடுத்த பங்களா அமைப்பு இது. மாடி கிடையாது, அறைகள் எல்லாம் ஒரே தளத்தில். கூரை சுவரோடு நிற்காமல் வெளியே இறங்கித் தாழ்வாரத்தையும் மூடிக்கொள்கிறது. வெயில் நேரே சுவரில் படாது, மழைச்சாரலும் உள்ளே வராது, கதவைத் திறந்துவைத்தால் காற்று வரும். பெங்களூரு, ஊட்டிப் பக்கம் பழைய பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வீட்டைப் பார்த்ததும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும்.

முன்கதவுக்கு மேலே விசிறி போல் விரியும் கண்ணாடி வளைவு. அது ஜார்ஜிய பாணி, பிரிட்டனிலிருந்து வந்தது. தாழ்வாரமோ ஆசியாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பொருந்தும் வீடு சிட்னிக் கோடையில் பொருந்தாது என்பதைக் குடியேறிகள் சீக்கிரமே உணர்ந்தார்கள். அந்தச் சிக்கலுக்கு ஆயத்தமான விடை இந்தியாவில் இருந்தது. ஆஸ்திரேலியக் கிராமத்து வீடு என்றவுடன் இன்று எல்லோர் மனத்திலும் வரும் அந்த அகன்ற தாழ்வாரத்தின் ஒரு வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. வீட்டின் கீழே நிலவறைகளும் உண்டு.

இந்த வீட்டை 1790-களில் ஹாரிஸ் கட்டினார் என்றுதான் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அப்படி நம்பியதற்குக் காரணங்கள் உண்டு. அவர் நிலம் வாங்கியது 1793-இல், ரூஸின் பெயரோடு சேர்ந்து இடமே தொன்மையாகத் தோன்றியது, பக்கத்து எலிசபெத் ஃபார்மும் அந்தக் காலத்தது. பிற்கால ஆய்வுகள்தான் 1830-களின் நடுப்பகுதி என்று காலத்தைத் திருத்தின. ஹாரிஸ் இறந்தது 1838-இல், எண்பதைத் தாண்டிய வயதில். அதாவது அவர் வாழ்நாளில் இந்த வீடு நின்றது மூன்று ஆண்டுக்கு மேல் இராது.

காலத்தைத் திருத்தியதால் வீட்டின் மதிப்பு குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதுதான் வீடு தெளிவாகப் பேசுகிறது. ஒரு கைதி குடிசையில் இருந்து பாடுபட்ட மண்ணில், நாற்பது ஆண்டு கழித்து நிலச்சுவான்தார் ஒருவர் வசதியான பங்களா கட்டுகிறார். அந்த நாற்பது ஆண்டில் குடியேற்றம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இந்தச் சுவர்களிலேயே தெரிகிறது. 'ஆரம்ப வீடு' என்ற பட்டம் ஒட்டியிருந்தவரை இந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

ஹாரிஸுக்குப் பின் நிலம் மனை மனையாகத் துண்டாகித் தெருக்களானது, வீடு மட்டும் தப்பியது. 1961-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நியூ சவுத் வேல்ஸின் நேஷனல் டிரஸ்ட் அதை விலைக்கு வாங்கியது. ஆனி வயாட் என்ற பெண்மணியின் முயற்சியில் 1945-இல் உருவான அந்த அமைப்பு தன் பணத்தில் வாங்கிய முதல் சொத்து இதுதான். இப்போது உள்ளே பழைய காலனியத் தட்டுமுட்டுச் சாமான்களோடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

பரமட்டாவில் எல்லா வீடுகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆற்றங்கரையில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வில்லோ குரோவ் என்ற மாளிகை இருந்தது. பிற்காலத்தில் அங்கே மகப்பேறு மருத்துவமனை நடந்ததால், ஊரில் பலருக்கு அது பிறந்த வீடு. ஊர்க்காரர்கள் போராடியும் நிற்கவில்லை. பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு இடம் வேண்டும் என்று 2021-இல் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். வேறோர் இடத்தில் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜைப் பெயர்த்து வேறு மேட்டில் வைத்தால் அது வெறும் பழைய பங்களா. ரூஸ் கொத்திய மண்ணின் மேல் நிற்பதால்தான் அதற்குப் பொருள்.

அந்த மண்ணைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற கற்பனையை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992-இல் மாபோ வழக்கில் தூக்கி எறிந்தது. பூர்வகுடிகளின் நில உரிமை பிரிட்டிஷார் வந்தபின்னும் தொடர்ந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அரசு ஒரு நிலத்தைத் தனியாருக்கு முழு உரிமையோடு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த நிலத்தில் பூர்வகுடி உரிமை அற்றுப்போகும் என்பதும் சட்டம். அந்த வகை எழுத்துகளில் முதலாவது ரூஸின் 1791 பத்திரம். பரமட்டகல் மக்களோடு ஒப்பந்தம் போடவில்லை, விலையும் கொடுக்கவில்லை. ஆறாண்டு கழித்து, 1797-இல், பெமுல்வுய் என்ற பூர்வகுடித் தலைவரின் கீழ் போராளிகள் பரமட்டாவுக்குள்ளேயே வந்து படையோடு மோதினார்கள்.

ரூஸ் குடிசைக்குப் பக்கத்தில் ஓடிய கிளே கிளிஃப் ஓடை இன்று பெரும்பாலும் கான்கிரீட் வாய்க்காலாகிவிட்டது. பழைய 30 ஏக்கருக்குள் வரும் மனை எதற்கும் பத்திரத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் முதல் ஏட்டில் நிற்பது ஒரு கைதியின் பெயர். ஹாரிஸ் பார்க்கில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்களில் சிலர் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணியாக இருக்கிறார்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். தாழ்வாரத்தையும் விசிறிக் கண்ணாடியையும் பார்த்து முடித்ததும், வழிகாட்டியிடம் மௌகோரனைப் பற்றியும் எலிசபெத் பெர்ரியைப் பற்றியும் கேளுங்கள்.